குவாங்சோ போகிற பிள்ளைகளுக்கு

எங்கள் ஒழுங்கைக்குள் ஒரு பிள்ளைக்குச் சீன விசா வந்துவிட்டால், அந்தக் கிழமையே தாயோ தகப்பனோ பிள்ளையையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வருவார்கள். யாழ்ப்பாணத்தில் ஓர் இரும்புச் சாமான் கடைக்குக் கொள்முதல் செய்வதற்காகக் குவாங்சோவில் அறை எடுத்து இருந்தவன் நான். மருத்துவம் படிக்கப் போகிறவர், வியாபாரத்துக்குப் போகிறவர், கொம்பனி வேலைக்குப் போகிறவர் என்று ஆள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து வாயால் சொன்னதை இனி எழுதியே கொடுத்துவிடுகிறேன்.

ஊரைவிட்டுப் போய்ப் பிழைப்பது எங்கள் ஊரான கொக்குவிலுக்குப் புதிதல்ல. எங்கள் சுருட்டு தெற்கே போன காலத்தில் ஆட்களும் கூடவே போனார்கள். சிங்கள ஊர்களில் சுருட்டுக்கடை வைத்து, கடைக்குப் பின்னாலேயே சமைத்துச் சாப்பிட்டு, நல்லநாள் பெருநாளுக்கு ஊர் வந்து திரும்பினார்கள். புத்தகம் வைத்துச் சிங்களம் படித்தவர் அவர்களில் அரிது. கல்லாவில் நின்றே படித்தார்கள். குவாங்சோ பெரிது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 1 கோடியே 86 இலட்சம் பேர், கிட்டத்தட்ட இலங்கை முழுவதன் சனம். ஆனாலும் அங்கே ஒருவன் இருப்பது ஒரு தெருவில், ஒரு படலைக்குள்தான். கடதாசி சுத்தமாக இருக்கவேண்டும், படலையடியில் நாலு பேருக்கு உங்கள் முகம் தெரியவேண்டும். கீழே எழுதுவதெல்லாம் இந்த இரண்டுக்குள் வரும்.

1. முதலில் பெயர். பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருக்கும், மொழிபெயர்த்தவர் அதை ஆங்கிலத்தில் ஒரு விதமாக எழுதியிருப்பார். ஏ.எல். பெறுபேற்றில் இன்னொரு விதம், கடவுச்சீட்டில் மூன்றாவது விதம். ஒன்றில் ‘எச்’ கூடும், மற்றதில் ‘ஏ’ குறையும். ஊரில் விதானையார் “இவர்தான் அவர்” என்று ஒரு கடிதம் தந்தால் அலுவல் முடிந்துவிடும். அங்கே கடிதத்தை வாசிக்க ஆள் இல்லை, எல்லாம் கணினி. வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் சிம்மில் உள்ள பெயரும் கைபேசிப் பணச் செயலியில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து, இடைவெளிக்கு இடைவெளி பொருந்தாவிட்டால் ஒன்றும் நகராது. எங்கள் பெயர்கள் நீளம் வேறு. தகப்பன் பெயரும் தன் பெயருமாகச் சேர்ந்து படிவத்தின் கட்டத்துக்கு வெளியே தொங்கும்.

ஆகவே ஊரிலேயே சரிபார்த்து, வித்தியாசம் இருந்தால் சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு போங்கள். சான்றிதழ்களை வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்த முன்பு கொழும்புக்கு ஓடவேண்டும். யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தில் கிளை திறந்தபிறகு அந்த அலைச்சல் குறைந்தது. சீனா போனதும் வங்கியில் உங்கள் பெயரை எப்படித் தட்டினார்கள் என்பதைத் திரையோடு ஒரு படம் எடுத்து வையுங்கள். பிறகு எங்கே கேட்டாலும் அந்தப் படத்தைப் பார்த்தே எழுதுங்கள்.

வகுப்பில் இடாப்பு வாசிக்கும்போது உங்கள் அப்பாவின் பெயர் கேட்கும். திடுக்கிடவேண்டாம். சீனர்களுக்குக் குடும்பப் பெயர்தான் முன்னுக்கு வரும், கடவுச்சீட்டில் அந்த இடத்தில் எங்கள் ஆட்களுக்கு அப்பா நிற்கிறார். மொழி ஆசிரியரிடம் கேட்டு மூன்றெழுத்தில் ஒரு சீனப் பெயர் வைத்துக்கொள்ளுங்கள். பொதி கொண்டுவருபவருக்கும் பக்கத்து வீட்டுக்கும் அது போதும். ஆனால் எந்தப் பத்திரத்திலும் அதை எழுதக்கூடாது.

2. இறங்கி 24 மணித்தியாலத்துக்குள் பொலிஸ் பதிவு. ஹோட்டலில் தங்கினால் ஹோட்டலே பதிந்துவிடும். வாடகை வீட்டிலோ சிநேகிதரின் அறையிலோ தங்கினால் நீங்களே அந்தப் பகுதிப் பொலிஸ் நிலையத்துக்குப் போகவேண்டும். தவறினால் எச்சரிக்கையோடு 2,000 யுவான் வரை குற்றப்பணம் போடச் சட்டம் இருக்கிறது. வீடு மாறினால் மறுபடி பதிய வேண்டும். நீண்டகாலப் படிப்பு விசாவிலோ வேலை விசாவிலோ போகிறவர்கள் நாட்டுக்குள் வந்து 30 நாளுக்குள் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு மருத்துவப் பரிசோதனை உண்டு, இரத்தம் எடுப்பார்கள், நெஞ்சுப் படம் எடுப்பார்கள். காலம் கடந்து தங்கினால் ஒரு நாளைக்கு 500 யுவான் வீதம் 10,000 வரை தண்டம், அல்லது தடுத்து வைப்பார்கள்.

16 வயதுக்கு மேற்பட்ட வெளிநாட்டவர் கடவுச்சீட்டைக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம். “போட்டோப் பிரதி காணும் மச்சான்” என்று சொல்லும் சீனியர்களை நம்பவேண்டாம்.

3. ஊரில் இருக்கும்போதே அம்மாவின் போனை வாங்குங்கள். வட்ஸ்அப், பேஸ்புக், யூடியூப், கூகிள் எதுவும் சீன இணையத்தில் திறக்காது. அங்கே வேலை செய்யும் வீசாட் செயலியை உங்கள் போனில் மட்டும் போட்டுவிட்டுப் போய் இறங்கி, அங்கிருந்து அம்மாவுக்குப் படிப்பிக்க நினைத்தால் நடக்காது. புதிய கணக்குத் திறக்கும்போது ஏற்கெனவே பாவிக்கும் ஒருவர் குறியை ஸ்கான் செய்து உறுதிப்படுத்தச் சொல்லிக் கேட்கும். அதற்கு ஆள் தேடவேண்டும். அம்மாவின் போனில் போட்டு, உங்கள் முகப்படத்தை மேலே நிறுத்தி, வீடியோவுக்கு எதை அழுத்துவது என்று அவரையே நாலு தரம் செய்யவிட்டுப் பாருங்கள். ஒரு தரமாவது நீங்கள் கிணற்றடிக்குப் போய் நின்று அவரை எடுக்கச் சொல்லுங்கள். சீனா எங்கள் நேரத்துக்கு இரண்டரை மணித்தியாலம் முன்னுக்கு ஓடுகிறது என்பதையும் சொல்லி வையுங்கள். இங்கே இரவுச் சாப்பாடு முடிந்து ஒன்பது மணிக்கு அவர் எடுத்தால் உங்களுக்குப் பதினொன்றரை.

இலங்கைச் சிம்மை எறிந்துவிடாதீர்கள். உங்கள் வங்கியின் ஒருமுறைக் கடவுக்குறி அந்த இலக்கத்துக்குத்தான் வரும். புறப்படுமுன் ரோமிங் திறந்து, கொஞ்சம் காசும் போட்டு, இரண்டாவது சிம்மாக வைத்திருங்கள். ரோமிங் டேற்றாவில் வட்ஸ்அப் வேலை செய்யும், ஆனால் காசு கரையும். அவசரத்துக்கு மட்டும் பாவியுங்கள். விபிஎன் பற்றி எல்லாரும் கேட்பார்கள். அனுமதி பெறாத விபிஎன் அங்கே சட்டபூர்வமல்ல. பாவிக்கிறவர்கள் பலர், திடீரென்று வேலை செய்யாமல் போகிற நாள்களும் பல. குடும்பத்தோடு பேசுகிற வழியை அதை நம்பி வைக்கவேண்டாம் என்பதுதான் என் கருத்து.

கூகிள் வரைபடத்தையும் நம்பவேண்டாம். திறந்தாலும் சில நூறு மீற்றர் தள்ளித்தான் காட்டும். அந்த நாட்டுச் செயலியான காவோதவைப் போடுங்கள். வீட்டு முகவரியைச் சீன எழுத்தில் ஒரு மட்டையில் அடித்து, கடவுச்சீட்டுக்குள் வையுங்கள். போனில் சார்ஜ் இறங்கிய இரவில் டாக்சிக்காரருக்குக் காட்ட அது ஒன்றுதான் மிஞ்சும்.

4. காசு. மரக்கறிக்காரி முதல் ஆலய வாசல் உண்டியல் வரை கட்டமிட்ட கியூஆர் குறிதான். அலிபேயிலும் வீசாட்டிலும் இப்போது வெளிநாட்டு அட்டையைச் சேர்க்கலாம். 200 யுவானுக்கு மேற்பட்ட ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் நூற்றுக்கு மூன்று வெட்டுவார்கள், ஆகையால் சீன வங்கிக் கணக்குத் திறக்கும்வரை சின்னச் சின்னதாக வாங்குங்கள். உங்கள் இலங்கை அட்டையில் வெளிநாட்டு, இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று யாழ்ப்பாணக் கிளையில் கேட்டு, அங்கேயே ஒரு கொடுப்பனவு செய்து பார்த்துவிட்டுப் போங்கள். தாள் காசை வாங்க மறுக்கக்கூடாது என்பது அங்கே சட்டம். மிச்சக் காசுக்குச் சில்லறை இருக்கிறதா என்பது வேறு கதை. ஐந்து, பத்து, இருபது யுவான் தாள்களாகக் கொஞ்சம் வைத்திருங்கள்.

5. வீடு பிடிக்கும்போது விலைக்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: “என்னோடு பொலிஸ் பதிவுக்கு வருவீர்களா?” இழுத்துப் பேசினால் அந்த வீடு வேண்டாம். ஒரு மாத வாடகையை முன்கூட்டியும் இரண்டு மாத வாடகையை வைப்பாகவும் கேட்பது வழமை. தரகர் கூலி தனி. திறப்பை வாங்குமுன் சுவர், குளிரூட்டி, வெந்நீர்க் கருவி, மின்மானி, தண்ணீர்மானி எல்லாவற்றையும் வீட்டுக்காரர் நிற்கும்போதே வீடியோ எடுத்து, அவருக்கே வீசாட்டில் அனுப்புங்கள். வெளியேறும் நாளில் “இந்தக் கீறல் உன்னால் வந்தது” என்று வைப்புக் காசில் கைவைக்க வருபவருக்கு அதற்குமேல் வேறு பதில் தேவையில்லை.

வெளிநாட்டவருக்குக் கொடுக்கமாட்டேன் என்று சொல்லும் வீட்டுக்காரரும் இருப்பார். கறுத்த தோலைக் கண்டு பின்வாங்குபவரும் இருப்பார். 2020 ஏப்ரலில் அதே குவாங்சோவில் ஆபிரிக்கர்கள் வாடகை வீடுகளிலிருந்தும் ஹோட்டல்களிலிருந்தும் வெளியேற்றப்பட்டதை உலகம் பார்த்தது. இதை மறைத்து உங்களை அனுப்ப எனக்கு விருப்பமில்லை. அப்படிச் சொல்பவரோடு வாதாடி வீடு எடுத்தாலும் நிம்மதியாக இருக்கமாட்டீர்கள். அடுத்த கதவைத் தட்டுங்கள்.

6. குடிபோன முதல் கிழமையே படலைக் காவல்காரரோடு பழகுங்கள். பொதி வந்தால் வாங்கி வைப்பவர் அவர். திறப்புத் தொலைந்தால் பூட்டுக்காரனைக் கூப்பிடுபவரும், குப்பையை எந்தத் தொட்டியில் போடுவது என்று காட்டுபவரும் அவரே. குப்பை நாலு வகையாகப் பிரிக்கவேண்டும், சமையல் கழிவு வேறு, மீள்பாவனை வேறு. பிழையாகப் போட்டால் எதிர்வீட்டுக் கிழவி வந்து உங்கள் பையைத் திறந்து காட்டி ஏசுவார். ஏச்சை வாங்கிக்கொண்டு சிரியுங்கள். அடுத்த கிழமை அதே கிழவிதான் உங்களைச் சந்தைக்குக் கூட்டிப்போவார்.

குவாங்சோவின் ஊர்க்காரர் பேசுவது கன்டனீஸ், பள்ளியிலும் அலுவலகத்திலும் மாண்டரின். நீங்கள் படிக்கவேண்டியது மாண்டரின். ஆனால் ஊர்ப்பேச்சில் நன்றிக்கும் “கொஞ்சம் வழி விடுங்கோ” என்பதற்கும் சேர்த்துச் சொல்லும் “ம்-கோய்” ஒன்றை வாயில் வைத்திருங்கள். வெளிமாகாணத்திலிருந்து வந்த சீனர்களே அதைப் பழகாமல் இருக்கிறார்கள் என்பதால் உங்கள் வாயில் கேட்கும்போது கிழவர்களுக்கு முகம் மலரும். சந்தையில் வாய்க்கு முன் கை வேலை செய்யும். ஒன்றிலிருந்து பத்து வரை ஒரே கையில் காட்டுவார்கள். பெருவிரலும் சின்னவிரலும் நீட்டினால் ஆறு. பெருவிரலும் சுட்டுவிரலும் நீட்டினால் எட்டு, அதை எங்கள் பெடியள் இரண்டு என்று நினைத்து இரண்டு யுவானைக் கொடுத்துவிட்டு நிற்பார்கள். சுட்டுவிரலைக் கொக்கிபோல் வளைத்தால் ஒன்பது. இந்தப் பத்தையும் விமானத்தில் இருக்கும்போதே பழகிவிடலாம்.

ரயிலுக்குள் முறைத்துப் பார்ப்பார்கள், கேட்காமலே படம் எடுப்பார்கள். பெரும்பாலும் அது புதினம் பார்ப்பதுதான். எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டால் சீன மொழியில் இலங்கையின் பெயரைச் சொல்லப் பழகுங்கள், “சிலி லாங்கா” என்பதுபோல வரும். உடனே தேயிலை என்பார்கள். நீங்கள் அங்கே கால் வைக்கும் முதல் தமிழரும் அல்ல. குவாங்சோவுக்குக் கிழக்கே சுவான்சோ துறைமுகத்தில் சிவன் கோயில் இருந்தது, 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அங்கே கிடைத்தது. சீனாவிலிருந்து கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்த கல் காலியில் கிடைத்து இப்போது கொழும்பு நூதனசாலையில் நிற்கிறது. 1409ஆம் ஆண்டு தேதியிட்ட அந்தக் கல்லில் சீனம், பாரசீகத்தோடு தமிழும் இருக்கிறது. நேரமிருந்தால் புறப்படுமுன் போய்ப் பாருங்கள்.

7. வீதி. வாகனம் வலப்பக்கம் ஓடும். எங்கள் பழக்கத்தில் வலப்பக்கம் பார்த்துக் காலை வைத்தால் இடப்பக்கத்தால் வந்து அடிக்கும். அதைவிட ஆபத்து மின்சார ஸ்கூட்டர். சத்தம் இல்லை, நடைபாதையிலும் ஏறும், எதிர்த்திசையிலும் வரும். காதில் பாட்டை மாட்டிக்கொண்டு நடக்காதீர்கள். நீங்களே ஒன்று வாங்கினால் இலக்கத்தகடு எடுங்கள், மின்கலத்தைத் தொடர்மாடிப் படிக்கட்டில் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள், தீப்பிடித்து ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

8. சாப்பாட்டைப் பற்றிக் கேட்காத தாய் இல்லை.

குவாங்சோச் சாப்பாட்டில் உறைப்பு இல்லை. அவித்தது, சூப், இனிப்புச் சாயல். நாக்குக்கு உறைப்பு வேண்டுமானால் ஹூனான், சிச்சுவான் கடைகளைத் தேடுங்கள், தெருவுக்கு ஒன்று இருக்கும். காலையில் கஞ்சி கிடைக்கும். அரிசிமாவைத் தட்டில் ஊற்றி அவித்துச் சுருட்டித் தரும் சாங்ஃபன் என்றொன்று உண்டு, இடியப்ப மாவைப் பிழியாமல் பாய்போல் அவித்தால் எப்படியோ அப்படி. வெறும் முட்டை போட்டுத் தரச் சொல்லலாம், இல்லாவிட்டால் இறைச்சி உள்ளே வைத்துவிடுவார்கள்.

சைவக்காரருக்குத்தான் கண்டம். “இறைச்சி வேண்டாம்” என்றால் துண்டு இறைச்சியை மட்டும் எடுத்துவிட்டுத் தருவார்கள். கீரை வதக்கலுக்கு மேல் சிப்பிச்சாறு ஊற்றுவார்கள், தாச்சியில் பன்றிக்கொழுப்பு இருக்கும், சூப் எலும்பில் காய்ச்சினதாக இருக்கும். ஆகவே இறைச்சி, மீன், முட்டை, எலும்புச்சாறு, பன்றிக்கொழுப்பு, சிப்பிச்சாறு எதுவும் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சீனத்தில் எழுதுவித்த சிட்டை ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும். பௌத்த கோயில்களுக்குப் பக்கத்தில் சுத்த சைவக்கடைகள் உண்டு. லியூரோங் கோயில், குவாங்சியாவோ கோயில் பக்கம் போய்ப் பாருங்கள். சந்திர மாதத்தின் முதலாம் நாளும் பதினைந்தாம் நாளும் அங்கே சனம் நிறைந்திருக்கும், அவர்களுக்கும் அது மரக்கறி நாள்.

மாடு சாப்பிடாத வீட்டுப் பிள்ளைகள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பன்றி இல்லாத கடை என்று நம்பி லான்சோ நூடில்ஸ் கடைக்குள் போவார்கள். முஸ்லிம்கள் நடத்தும் கடை, பன்றி இல்லைத்தான். ஆனால் அந்தச் சாறே மாட்டில் காய்ச்சினது. தக்காளி முட்டைச் சோறு இருக்கிறதா என்று கேளுங்கள், பெரும்பாலும் இருக்கும்.

அறையில் சமைப்பதுதான் கடைசியில் கைகொடுக்கும். சோறு அவிக்கும் கருவியை அங்கே மலிவாக வாங்கலாம். தேங்காய் ஹைனான் தீவிலிருந்து வரும், திருவலை வராது, அதைப் பெட்டிக்குள் வையுங்கள், கைப்பையில் அல்ல. யாழ்ப்பாணத் தூளைப் பெயர் அச்சிட்டு மூடி ஒட்டிய பொதியாகக் கொண்டுபோங்கள், அம்மா பேப்பரில் சுற்றித் தந்ததற்கு விமான நிலையத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கவேண்டாம். கறுத்தக்கொழும்பான் மாம்பழம், இறைச்சி வறுவல், கறிவேப்பிலைக் கன்று, விதை வகைகள் உள்ளே விடமாட்டார்கள். செருகியும் வேறு மாதிரி. தட்டைக்கால் செருகி, மூன்று சரிவுக்கால் செருகி இரண்டும்தான் அங்கே. எங்கள் மூன்று சதுரக்கால் செருகி நுழையாது. மாற்றி இரண்டு கொண்டுபோங்கள், மின்னழுத்தம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

9. கழிப்பறையில் தண்ணீர்க் குழாயைத் தேடாதீர்கள். பையில் ஒரு சின்னப் போத்தலும் கடதாசியும்.

10. குளிர். பெய்ஜிங், ஹார்பின் போகிறவர்களை நினைத்து எல்லாரும் பரிதாபப்படுவார்கள். அவர்களுக்கு நவம்பர் நடுவுக்குள் வீட்டுக்குள் சூடு வந்துவிடும். தெற்கே அந்த ஏற்பாடு இல்லை. குவாங்சோவில் ஜனவரியில் வெளியே எட்டுப் பாகை என்றால் அறைக்குள்ளும் கிட்டத்தட்ட அதேதான். மார்ச் அளவில் ஈரக்காற்று வந்து சுவரும் தரையும் வேர்த்து ஒழுகும், சப்பாத்துக்குள் பூஞ்சணம் பிடிக்கும். அந்த நாள்களில் ஜன்னலைப் பூட்டிவையுங்கள், திறந்தால் காய்ந்துவிடும் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. சான்றிதழ்களைப் பிளாஸ்ரிக் உறையில் போடுங்கள். கோடையில் சூறாவளி எச்சரிக்கை நிறத்தில் வரும், சிவப்பு வந்தால் வெளியே போகக்கூடாது.

11. வருத்தம் வந்தால் அங்கே குடும்ப டொக்டர் கிடையாது, நேரே பெரிய வைத்தியசாலைதான். முதலில் பதிவு, காசு. டொக்டர் எழுதிய சோதனைக்குக் காசு, பிறகு சோதனை. மருந்துக்குக் காசு, பிறகு மருந்து. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு யன்னல் அல்லது போன் திரை. சீனம் தெரிந்த ஒருவரை முதல் தரம் கூட்டிப்போய், காய்ச்சல் இல்லாத ஒரு நாளிலேயே இடத்தைப் பார்த்து வையுங்கள். மருந்தின் வியாபாரப் பெயர் உதவாது, உள்ளிருக்கும் இரசாயனப் பெயரை எழுதி வைத்திருங்கள். இலக்கங்களையும் மாற்றி மனப்பாடம் செய்யவேண்டும். எங்கள் 119 அங்கே தீயணைப்பு. பொலிஸ் 110, அம்புலன்ஸ் 120.

12. மருத்துவம் படிக்கப் போகிறவர்களுக்கு மட்டும். ஆடியபாதம் வீதியில் மருத்துவ பீடத்தைத் தினமும் கடந்து ரியூஷனுக்குப் போய், இசட் புள்ளி கொஞ்சத்தால் தவறி, நாலாயிரம் கிலோமீற்றர் அளவு தூரம் பறக்கிறவர்கள் நீங்கள். காணி ஈடு வைத்துக் கட்டும் கட்டணத்துக்கு முன், அந்தப் பல்கலைக்கழகத்தை இலங்கை மருத்துவ சபை ஏற்கிறதா என்று சபையிடமே கேளுங்கள், ஏஜென்சியின் துண்டுப் பிரசுரத்தில் பார்க்காதீர்கள். திரும்பி வந்தபின் இங்கே பதிவுக்கான பரீட்சை இருக்கிறது, பலர் அதில் ஆண்டுகளைச் செலவழிக்கிறார்கள். விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கும், நோயாளி ஆங்கிலத்தில் அழமாட்டார். வார்டுக்குள் போகுமுன் சீன மொழிப் பரீட்சையில் நாலாம் தரமளவு கேட்பார்கள். முதல் ஆண்டில் மொழியை ஒதுக்கிவிட்டு உடற்கூற்றியலை மட்டும் பிடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் நாலாம் ஆண்டில் வார்டின் பின்வரிசையில் நிற்பதைக் கண்டிருக்கிறேன். பின்வரிசையில் நின்றால் நோயாளியின் வயிற்றில் கை வைத்துப் பார்க்கக் கிடையாது.

13. வியாபாரத்துக்குப் போகிறவர்கள் 1957இலிருந்து வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் நடக்கும் கன்டன் சந்தைக்கு ஒரு தரம் போய்ப் பார்த்துவிட்டு, பிறகு மொத்தக் கடைத்தெருக்களில் வாங்குங்கள். சந்தை நாள்களில் ஹோட்டல் விலை ஏறும். மாதிரிச் சாமான் ஒன்றைக் கையெழுத்திட்டு நீங்களே வைத்திருங்கள், கொள்கலனில் ஏற்றுமுன் நேரில் போய் ஒப்பிடுங்கள். இதற்குமேல் சொன்னால் எனக்குப் பிறகு கடை நடத்துபவர்கள் கோபிப்பார்கள்.

14. வாயும் கமராவும். பொலிஸ், இராணுவம், அரச கட்டடம் எதையும் படம் எடுக்காதீர்கள். அரசியல் கதையை நீங்கள் தொடங்காதீர்கள், அவர்கள் தொடங்கினாலும் கேட்டுக்கொண்டிருங்கள். எங்கள் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. மாணவ விசாவில் இருந்துகொண்டு அனுமதியில்லாமல் ஆங்கிலம் படிப்பித்துச் சம்பாதிக்கலாம் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். பிடிபட்டால் 5,000 முதல் 20,000 யுவான் வரை தண்டம், கடுமையாக எடுத்தால் தடுப்புக்காவல், நாடுகடத்தல். அறையில் சாமி கும்பிடுவதை ஒருவரும் தடுக்கமாட்டார்கள். மஞ்சவனப்பதி முருகன் கோயில் விபூதியைத் தாராளமாகக் கொண்டுபோங்கள். ஆனால் கற்பூரமும் சாம்பிராணியும் வேண்டாம், கூரையில் புகைமணி இருக்கிறது, அது கந்தசஷ்டி பார்க்காது.

15. சீனப் புத்தாண்டு. அது வருகிற கிழமையைப் பற்றி ஒருவரும் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள், எல்லாருக்கும் தெரிந்ததால். நகரம் காலியாகும், காவல்காரரே ஊருக்குப் போவார், சாப்பாட்டுக் கடைகள் பூட்டிக் கிடக்கும். அரிசி, பருப்பு, மரக்கறி முன்கூட்டி வாங்குங்கள். எங்கேயாவது போவதென்றால் 12306 என்ற ரயில் செயலியில் 15 நாளுக்கு முன் ரிக்கற் திறக்கும் நேரத்துக்கே உட்காருங்கள். அந்தக் கிழமையில்தான் தனிமை வந்து நெஞ்சில் ஏறும். உடன்படிக்கும் சீனப் பிள்ளை ஊருக்கு வரச் சொன்னால் போங்கள், ஒரு பெட்டி இலங்கைத் தேயிலையோடு. மணிக்கூடு மட்டும் பரிசாகக் கொடுக்காதீர்கள், அவர்களுக்கு அது சாவுக் குறி. அறைக்குள் படுத்துக்கொண்டு நாள் முழுக்க ஊர் வீடியோ பார்ப்பவர்கள்தான் இரண்டாம் தவணையில் பெட்டி கட்டுகிறார்கள்.

பெய்ஜிங்கில் உள்ள இலங்கைத் தூதரகத்தில் உங்கள் முகவரியையும் போன் இலக்கத்தையும் பதிந்து வையுங்கள். 2020ஆம் ஆண்டுப் புத்தாண்டுக் காலத்தில் வுஹான் பூட்டப்பட்டபோது அங்கிருந்த 33 இலங்கை மாணவர்களை ஸ்ரீலங்கன் விமானம் பெப்ரவரி 1இல் ஏற்றி வந்தது. தியத்தலாவையில் 14 நாள் வைத்திருந்து வீட்டுக்கு விட்டார்கள். யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் இப்படி ஒரு விமானத்தில் இடம் போடமுடியும்.

16. திரும்பி வரும்போது. வீட்டுக்காரரோடு நின்று மானிகளைப் பார்த்து, பழைய வீடியோவோடு ஒப்பிட்டு, வைப்புக் காசை வாங்குங்கள். அலிபேயிலும் வங்கியிலும் உள்ள மீதியை, சீன சிம் உயிரோடு இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். சிம்மை வெட்டினால் கடவுக்குறி வராது, காசு அங்கேயே கிடக்கும். பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், வேலைச் சான்று எல்லாவற்றிலும் வட்டச் சிவப்பு முத்திரை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். முத்திரை இல்லாத கடதாசியை அங்கே ஒருவரும் மதிப்பதில்லை. ஒவ்வொன்றிலும் மூலப்பிரதி இரண்டு கேளுங்கள், கொழும்பில் ஒன்றை வாங்கி வைத்துவிட்டுத் தரமாட்டார்கள்.